இடது கால்

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில்
நடைபாதையில் குவித்த துணிக்குள்
முழங்கைவரை கைவிட்டுத் துழாவினேன்.
பாண்டிச்சேரி வெயில் பத்து மணிக்கே
கழுத்தில் உப்பாய் வழிந்தது.
"ஸ்வெட்டரா? இந்த ஊருக்கா?"
சிரித்தார் கடைக்கார அந்துவான்.

இந்த ஊருக்கில்லை.
வேப்பூருக்குத் தெற்கே மூன்று ஏக்கர் மக்காச்சோளத்துக்கு.
பால் பிடித்த கதிருக்கு.
மார்கழியில், விடிய மூன்று மணிக்கு,
வாகைமரக் கவையில் கட்டிய பரணில்
அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு.

நடக்கிறவள் குளிர் வேறு, உட்கார்ந்திருப்பவள் குளிர் வேறு.
மடை திருப்புகிறவள் உடம்பு
தானே அடுப்பு மூட்டிக்கொள்ளும்.
பரண்மேல் இருப்பவளுக்குக்
குளிர் கீழேயிருந்து வரும்,
மூங்கில் இடுக்கு வழியாக,
கடன் கேட்டு வருகிறவன்போல
முதலில் கூச்சத்தோடு
அப்புறம் உரிமையோடு.

கம்பளி நூல் ஸ்வெட்டர்
வேலிக்காத்தான் முள்ளுக்கு ஒரு ராத்திரி தாங்காது.
மழைக்கோட்டு காற்றை நிறுத்தும்,
வேர்வையையும் நிறுத்திவிடும்.
ஈரச்சாக்கு சுற்றிய பானைத் தண்ணீராய்
நானே ஆறிப்போவேன்.
பஞ்சு திணித்த நீல ஜாக்கெட் நல்ல சூடு,
ஆனால் கையை மடக்கினால்
முறுக்குப் பாக்கெட் பிரிக்கிற சத்தம்.
பன்றிக்குக் கண்தான் மந்தம்.

அதைச் சொன்னதும் அந்துவான் சிரிக்கவில்லை.
ஒவ்வொன்றாய் எடுத்துக் காதருகே கசக்கிக் காட்டினார்.
இருவரும் தலைசாய்த்துக் கேட்டோம்,
தேங்காய் வாங்குகிறவர்கள்போல.

குவியலின் அடியிலிருந்து ஒன்று வந்தது.
திருப்பூரில் தைத்து
ஏதோ பனிக்கட்டி தேசத்துக்குப் போகவிருந்தது,
ஒரு தையல் கோணியதால் நின்றுவிட்டது.
அங்கே மரமேறி மானுக்குக் காத்திருப்பவன் போடுவதாம்.
உடம்பு முழுக்க இலை அச்சு,
எனக்குப் பெயர் தெரியாத மரத்தின் இலை.
தோட்டாவுக்கென்று பன்னிரண்டு சின்னப் பைகள்.
கசக்கினேன். சத்தமே இல்லை.
எண்ணூறு சொன்னார்,
நானூற்றைம்பதுக்கு முடிந்தது.

பஸ் கடலூர் தாண்டுமுன்பே மடியில்
காய்ச்சல்காரப் பிள்ளையாய்ச் சுட்டது.

துப்பாக்கி இல்லாதவள்
தோட்டாப் பையில் என்ன வைப்பாள்?
வெற்றிலை, டார்ச்சுக்கு மாற்று பேட்டரி,
சரத்திலிருந்து பிரித்த ஒற்றை வெடி ஏழு,
சளி மாத்திரை.
மீதிப் பைகள் சும்மா கிடந்தன.

சேலைக்கு மேல் அவருடைய சட்டை
(அவருக்கு நெய்வேலியில் நைட் ஷிப்ட்),
அதற்கு மேல் அந்த அயல்காடு.
பரண் ஏறி, வேர்வை அடங்கிய பிறகே
ஜிப்பை இழுத்தேன்.
வாகை நெற்றுகள் கிலுகிலுத்தன.
குளிர் வந்தது, தொட்டுப் பார்த்தது,
ஆள் இல்லையென்று திரும்பிப் போனது.
அடடா என்று நினைத்தது
ஞாபகமிருக்கிறது.

கண் திறந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது.
பதினோரு வரிசை படுத்திருந்தது.
பரணுக்கு நேர் கீழே குளம்புத் தடம்,
வாகைப் பட்டையில்
முதுகு தேய்த்த சேறு, இன்னும் ஈரமாய்.

"தூங்கிட்டியா?"
வரப்பில் நின்று கேட்டாள் பக்கத்துக் காட்டுத் தனபாக்கியம்.
சாக்கைக் கொங்காணியாய் மடித்துத் தலையில் போட்டு
ராமுழுக்க நடுங்கி
ராமுழுக்க டப்பா தட்டியவள்.
அவள் காட்டில் ஒரு தட்டை சாயவில்லை.
என் முதுகு இலைகளை
இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.
"மெத்தையாட்டம் இருக்குதே" என்றாள்.

தூக்கி எறியவில்லை. நானூற்றைம்பது ரூபாய்.

மறுநாள் ராத்திரி
கழுத்துவரை ஜிப்பை ஏற்றி,
காதுக்கு மப்ளர் சுற்றி,
வலது காலுக்கு அவருடைய ஷிப்ட் சாக்ஸ் மாட்டி,
இடது காலை மட்டும்
வெறுங்காலாய்ப் பரணுக்கு வெளியே தொங்கவிட்டேன்.

பனி அதில் இறங்கியது.
ஒரு மணிக்குக் கட்டைவிரல் போனது,
இரண்டுக்குக் கணுக்கால்.
மூன்றேகாலுக்கு எங்கோ
ஒரு தட்டை முறிந்தது.
காலுக்குத்தான் முதலில் கேட்டது.